நிப்பானத்தை வாசிக்க ஆறு ஞாயிறு

தமிழில் நிர்வாணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது துணியில்லாத உடம்புதான். ஊர் நூலகப் பலகையில் 'நிர்வாணம், ஞாயிறு காலை 10 மணி' என்று எழுதிப் பாருங்கள், வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பௌத்தத்தில் அதே சொல் வேட்கை அவிந்த விடுதலையைக் குறிக்கிறது. அதை ஊரில் ஒரு வாசிப்பு வட்டமாகக் கூடிப் படிப்பதற்கான வழிகாட்டி இது. ஆகவே முதல் வேலை, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள வடிவமான 'நிப்பானம்' என்பதையே பழக்கத்துக்குக் கொண்டுவருவது. வடமொழி நிர்வாணமும் பாலி நிப்பானமும் ஒரே சொல்தான். ஆனால் இரண்டாவதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

கொங்கு நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே சமணத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலைப் பார்த்தவர்கள், ஆடையற்று அமர்ந்த உருவத்தையும் நிர்வாணம் என்ற சொல்லையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சமணர் வழிபடும் தீர்த்தங்கரரைப் புத்தர் என்று சொல்வதும் சாதாரணம். பிரித்தறிவது எளிது. தலைக்கு மேல் முக்குடை இருந்து, உடலில் துணியின் மடிப்பே இல்லாவிட்டால் பெரும்பாலும் தீர்த்தங்கரர். இடத்தோளிலிருந்து இறங்கும் சீவரம் என்னும் துறவு ஆடை, சுருள்முடி, உச்சியில் புடைப்பு, நீண்ட காதுமடல் இருந்தால் புத்தர். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்ததும் இத்தகைய அடையாளங்களை ஆராய்ந்த தொல்லியல் அறிக்கையை வைத்துத்தான்.

சிலையை மாற்றிச் சொன்னால் பெரிய நட்டமில்லை. கருத்தை மாற்றிச் சொன்னால்தான் நட்டம். சமணத்தில் விடுபட்ட உயிர் உலகின் உச்சிக்கு ஏறி அங்கே நிலைபெறும், அதற்கு இடம் உண்டு. பௌத்தம் நிப்பானத்துக்கு இடம் எதுவும் சொல்வதில்லை. 'அங்கே போவது' என்ற வினைச்சொல் உங்கள் பேச்சில் எத்தனை முறை வருகிறதோ, அத்தனை முறை நீங்கள் வழிதவறியிருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிறுதோறும் 90 நிமிடம், ஆறு வாரம். பொருட்கள்: மண் அகல் இரண்டு, ஒரே தடிமனில் பஞ்சுத்திரி நான்கு, நல்லெண்ணெய் 50 மில்லி, 5 மில்லி கரண்டி ஒன்று, முளைக்கும் விதை மஞ்சள் ஒன்று, வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சள் ஒன்று, ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு.

வாசிக்க வேண்டியவை குறைவுதான். நிகாயங்கள், இதிவுத்தகம், உதானம் எல்லாம் பாலியில் உள்ள புத்தர் போதனைத் தொகுப்புகள், எண்கள் அவற்றில் உள்ள சுத்தங்களை, அதாவது போதனை உரைகளை, குறிக்கும். சம்யுத்த நிகாயம் 12.53, 35.28, 38.1; மஜ்ஜிம நிகாயம் 26-ல் உபகனைச் சந்திக்கும் பகுதி, 65-ல் குதிரைக்குட்டி உவமை, 72 முழுவதும்; அங்குத்தர நிகாயம் 3.55, இதிவுத்தகம் 44, உதானம் 8.1, 8.3; மணிமேகலையில் ஊரலர் உரைத்த காதை. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் நிப்பான, உபாதான (பற்று), தண்ஹா (வேட்கை) ஆகிய மூன்று பாலிச் சொற்களும் வருமிடங்களில் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் 'முக்தி' என்றும், அடுத்த பக்கத்தில் 'பேரமைதி' என்றும் போட்டிருப்பார். ஓரக்குறிப்பு இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும்.

முதல் ஞாயிறு: விளக்கு

பேச்சை ஆரம்பிக்காதீர்கள். விளக்கை ஏற்றுங்கள்.

புது அகலாக இருந்தால் முந்தின நாளே தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் ஊறப்போட்டுத் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயை மண்ணே குடித்துவிடும். இரண்டு அகலிலும் 5 மில்லி எண்ணெய், ஒரே அளவு திரி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதல் விளக்குக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டிவிட ஒருவரை அமர்த்துங்கள். இரண்டாவதை யாரும் தொடக்கூடாது. 5 மில்லி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது திரியைப் பொறுத்தது. மெல்லிய திரி 90 நிமிடத்தையும் தாண்டி இழுக்கும், தடித்த திரி பாதியிலேயே முடித்துவிடும். ஆகவே முந்தின இரவு வீட்டில் ஒருமுறை எரித்து நேரம் பார்த்துவிடுங்கள். அணையும் கணம் அமர்வுக்குள் வர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

எரிகிற நேரத்தில் சம்யுத்த நிகாயம் 12.53-ஐ வாசியுங்கள். அதில் இருப்பது இதே விளக்குதான்: எண்ணெயும் திரியும் இருப்பதால் எரிகிறது, ஒருவன் அவ்வப்போது எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டினால் நெடுநேரம் எரியும், விடாவிட்டால் பழையது தீர்ந்து, புதியது சேராமல் அவிந்துவிடும். மனத்தைக் கட்டிப்போடும் பொருள்களில் சுவை தேடிக்கொண்டே இருப்பவனுக்குத் தண்ஹா, அதாவது வேட்கை, அப்படித்தான் வளர்கிறது என்று அந்தச் சுத்தம் முடிகிறது.

இரண்டாவது விளக்கு படபடத்து நிற்கும்போது யாராவது 'அணைஞ்சுபோச்சு' என்பார்கள். உடனே கூட்டத்தில் வயதில் மூத்த அம்மா ஒருவர், 'அப்படிச் சொல்லக்கூடாதுங்க கண்ணு, குளிர்ந்துருச்சுன்னு சொல்லோணும்' என்று திருத்துவார். திருத்தாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் பாலி நூல்கள் சொல்வதும் அதுதான். ஞானம் பெற்ற புத்தர், கயைக்கும் போதி மரத்துக்கும் நடுவே ஆசீவகத் துறவி உபகனைச் சந்தித்தபோது தம்மைச் சொல்லிக்கொண்ட சொற்கள் 'சீதிபூதோஸ்மி நிப்புதோ': குளிர்ந்தவன் ஆனேன், அவிந்தவன் ஆனேன். நம் வீட்டுப் பெண்கள் விளக்கைக் குளிர வைக்கும்போது பேசுகிற மொழிக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு.

கூடவே ஒரு கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். அதைச் சொன்னபோது புத்தருக்கு வயது 35. குசிநாராவில் இரட்டைச் சால மரங்களுக்கு நடுவே உயிர் நீத்தது 80-ல். நடுவில் 45 ஆண்டுகள் நடந்தார், உண்டார், நோயுற்றார், பேசினார். நிப்பானம் என்றால் சாவு என்று நினைத்து வந்தவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே போதும். சாவோடு வருவதற்குப் பரிநிப்பானம் என்று சொல்வது பிற்கால வழக்கில் நிலைத்தது. பழைய சுத்தங்களில் அந்தச் சொல்கூடச் சாவுக்கு மட்டும் உரியதில்லை. மஜ்ஜிம நிகாயம் 65-ல் ஒரு குதிரைக்குட்டிக்கு முதன்முறை கடிவாளம் மாட்டுகிறார்கள். அது துள்ளும், முறுக்கும். திரும்பத் திரும்பப் பழக்கியதும் அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது. அந்த அடங்குதலுக்கு அங்கே இருக்கும் வினைச்சொல் 'பரிநிப்பாயதி'. பிறகு நுகம் பூட்டுகிறார்கள், மறுபடி துள்ளல், மறுபடி அடங்கல். காங்கேயம் காளையை வண்டிக்குப் பழக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடங்கிய கன்று செத்த கன்றல்ல, துள்ளல்தான் போயிருக்கிறது.

இரண்டாம் ஞாயிறு: பற்று

இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி இதுதான், அவசரப்படாதீர்கள்.

பாலியில் 'உபாதான' என்றால் இரண்டு பொருள். ஒன்று, மனம் ஒன்றை இறுகப் பிடிப்பது. மற்றது, நெருப்புக்கு எரிபொருள். இந்த இரட்டைப் பொருளை வைத்துத்தான் நிப்பானம் பற்றிய பேச்சு முழுவதும் ஓடுகிறது. வேறு பல மொழிகளுக்குப் போகும்போது இரண்டில் ஒன்று உதிர்ந்துவிடும். தமிழில் உதிராது. பற்று என்றால் பிடிப்பு. தீப் பற்றியது என்கிறோம், அடுப்பைப் பற்றவை என்கிறோம். இந்தப் பேறு கையில் இருக்கும்போது உபாதானத்தை 'பந்தம்', 'ஆசை' என்று பெயர்த்து வைப்பது சுத்த நட்டம். மணிமேகலை ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளை வரிசைப்படுத்தும்போது 'வேட்கை பற்றே பவமே' என்று சரியான இடத்தில் பற்றை வைக்கிறார்.

இப்போது சம்யுத்த நிகாயம் 35.28, எல்லாம் எரிகிறது என்னும் போதனை. கயாசீசத்தில் 1000 பிக்குகளுக்குச் சொன்னது. அவர்கள் அதற்கு முன்பு சடைமுடி வளர்த்து, நெருப்பை வளர்த்து வழிபட்டவர்கள். ஆயுளெல்லாம் தீ வளர்த்தவர்களிடம் போய், எரிவது வெளியில் அல்ல, கண்ணில் என்று சொல்வதன் சூட்டை உணர்ந்து வாசியுங்கள். கண், உருவம், கண்வழி உணர்வு, கண்தொடர்பு, அதிலிருந்து எழும் நுகர்ச்சி என ஐந்து, காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் எல்லாவற்றுக்கும் இதே ஐந்து, ஆக 30. வாசிக்கும்போது 'மற்றவையும் அவ்வாறே' என்று தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள். ஆளுக்கு ஒரு புலனாக உரக்க வாசித்தால் பத்து நிமிடம்தான் ஆகும். நாக்குக்கு வரும்போது ஒருவர் கண் டீக்கடைப் பக்கம் போகும், அங்கேயே பாடம் பிடிபடும்.

எரிப்பவை மூன்று: ராகம், தோஷம், மோகம். ஈர்ப்பு, வெறுப்பு, மயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ராகம் என்றால் இங்கே காம்போதியும் இல்லை, காதலும் மட்டும் இல்லை. அடுத்து 38.1-ஐ எடுத்தால், நிப்பானம் என்பது எது என்று ஜம்புகாதகன் என்னும் துறவி நேரடியாகக் கேட்கிறார். புத்தரின் சீடர் சாரிபுத்தர் தரும் விடை ஒரே வரி: ராகம் அழிதல், தோஷம் அழிதல், மோகம் அழிதல். இதைவிடச் சுருக்கமான வரையறை தேடி அலைய வேண்டியதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் இதையே எழுதச் சொல்லுங்கள்.

நெசவு தெரிந்த ஊர்களில், சென்னிமலை, பவானிப் பக்கம், இன்னொரு விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உரையாசிரியர்கள் 'வான' என்பதை நெய்வது, பின்னுவது என்று பிரித்து, பிறவியைப் பிறவியோடு பின்னும் வேட்கையிலிருந்து நீங்கியது நிப்பானம் என்கிறார்கள். ஊடை ஓடுவது நின்றால் பாவு மட்டும் துணியாகாது. அழகான விளக்கம்தான். ஆனால் சொல்லின் வேரை ஊதுதல், அவிதல் என்றே மொழியியலாளர் கொள்கிறார்கள். நெசவை உவமையாக வையுங்கள், வேராக வைக்காதீர்கள்.

இந்த வாரம் தொடங்கி ஆறாம் ஞாயிறு வரை வீட்டுப்பாடம்: நோட்டில் மூன்று பத்தி. எது பற்றியது, எதை எண்ணெயாக ஊற்றினேன், எப்போது தணிந்தது. நாளுக்கு மூன்று பதிவு, ஏழு நாளில் 21. வாட்ஸ்அப்பில் மச்சான் போட்ட செய்தி, ஏலத்தில் மஞ்சள் விலை, வரப்புத் தகராறு, எதுவானாலும் சரி. இரண்டாவது பத்திதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். கோபம் வந்தது என்று எழுதுவது சுலபம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் அது எரிந்துகொண்டிருக்க நடுவில் எத்தனை முறை அந்தச் செய்தியைத் திறந்து படித்தோம் என்று எழுதுவதில்தான் கை தயங்கும். தன்னைத் திட்டிக்கொள்ளும் வரிகள் வேண்டாம். எண்ணெய்க் கணக்கு மட்டும் போதும்.

மூன்றாம் ஞாயிறு: எங்கே போனார்?

முதல் வாரமே ஒருவர் கேட்டிருப்பார்: 'ஏனுங்க, அப்ப செத்ததுக்கப்புறம் புத்தரு எங்கீங்க போனாரு?' இந்த வாரம் வரைக்கும் அதை நிறுத்தி வையுங்கள். ஏனென்றால் வச்சகோத்தர் என்னும் துறவி புத்தரிடம் கேட்டது அதே கேள்வி, மஜ்ஜிம நிகாயம் 72 அதற்கான இடம்.

விடுபட்டவர் மறுபடி பிறக்கிறாரா? அந்தச் சொல் பொருந்தாது. பிறப்பதில்லையா? அதுவும் பொருந்தாது. இரண்டுமா? இரண்டும் இல்லையா? நான்குக்கும் அதே விடை. வச்சகோத்தர் குழம்பிவிட்டதாகவே சொல்கிறார். அப்போது புத்தர் திருப்பிக் கேட்கிறார்: உன் முன்னால் நெருப்பு எரிந்தால் தெரியுமா? தெரியும். எதைச் சார்ந்து எரிகிறது? புல்லையும் விறகையும் சார்ந்து. அவிந்தால் தெரியுமா? தெரியும். அவிந்த நெருப்பு எந்தத் திசைக்குப் போனது, கிழக்கா மேற்கா, வடக்கா தெற்கா? பொருந்தாது ஐயா, விறகு தீர்ந்தது, வேறு விறகு சேரவில்லை, அவிந்தது என்றே சொல்ல வேண்டும்.

வாசித்து முடித்ததும் மறுபடி ஓர் அகலை ஏற்றிக் குளிர வையுங்கள், ஒவ்வொருவரையும் சுடர் போன திசையைக் கைகாட்டச் சொல்லுங்கள். சிரிப்பு வரும். யாராவது மேலே காட்டுவார்கள், புகை மேலே போகிறதல்லவா. அது புகை, சுடரல்ல என்று அவரே சொல்லும் வரை விடாதீர்கள்.

இங்கே வழுக்கும் இடம் இரண்டு. ஒன்று, 'அப்படியானால் ஒன்றுமே இல்லை, சூனியம்தான்' என்பது. புத்தர் நான்கு வழியையும் மறுத்தார், இல்லை என்ற வழியும் அதில் ஒன்று. மற்றொன்று, 'சொல்லில் அடங்காத பரம்பொருளோடு கலந்துவிட்டார்' என்பது. சைவ, வைணவப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது மிக இயல்பாக வரும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கலக்கிற ஒன்று தனியாக இருந்தால்தான் கலப்பு. நெருப்பு உவமையில் அப்படி ஒன்று இல்லை. இந்த இரண்டாவது வழுக்கலைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் பக்தியோடு வருகிறது. மென்மையாகத் திருத்துங்கள்.

நான்காம் ஞாயிறு: வெந்த மஞ்சள்

இதிவுத்தகம் 44 இரண்டு நிப்பானங்களைச் சொல்கிறது. ராகம், தோஷம், மோகம் அழிந்தும் ஐம்புலன்கள் எஞ்சியிருக்க, இன்பமும் துன்பமும் உடலில் உணரப்படுவது சோபாதிசேஸம், எச்சமுள்ளது. உடலும் முடியும்போது உணரப்படுவதெல்லாம் இங்கேயே குளிர்ந்துவிடுவது அனுபாதிசேஸம், எச்சமற்றது. 'குளிர்ந்துவிடும்' என்பது மூலத்திலேயே உள்ள சொல்.

எச்சமுள்ளதுதான் குழப்பும். ஆசை அவிந்தவருக்குப் பசிக்குமா, வலிக்குமா? பசிக்கும், வலிக்கும். இங்கே இரண்டு மஞ்சளையும் கையில் கொடுங்கள். விதை மஞ்சளை மண்ணில் வைத்தால் முளைக்கும். கொப்பரையில் நுரை கட்டி மணம் எழும்ப வெந்த மஞ்சள் முளைக்காது. ஆனால் நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, எடை போட்டு விற்கிறோம், குழம்புக்கு ஆகிறது. போனது முளைக்கும் சக்தி ஒன்றுதான். ரதன சுத்தத்தில் ஒரே பாட்டில் விதை தீர்ந்தவர்கள் என்றும், இந்த விளக்கைப் போல அவிகிறார்கள் என்றும் வருகிறது. மஞ்சள் அங்கே இல்லை, ஈரோட்டுக்காரருக்காக நாம் போட்டுக்கொண்டது.

இதே வாரத்தில் விடுதலையின் நான்கு படிகளையும், பிறவியோடு பிணைக்கும் பத்து கட்டுகளையும் வேகமாகச் சொல்லிவிடலாம். நான் என்னும் பார்வை, ஐயம், சடங்கே போதும் என்ற பிடிப்பு, இந்த மூன்றும் அறுந்தவர் சோதாபன்னர், அதிகம் போனால் ஏழு பிறவி. காம ஈர்ப்பும் பகையும் மெலிந்தவர் சகதாகாமி, அவை அறவே போனவர் அனாகாமி. உருவ உலக ஆசை, அருவ உலக ஆசை, செருக்கு, அலைபாய்தல், அறியாமை ஆகிய ஐந்தும் போனவர் அரகந்தர். ஒரு விதியைக் கறாராக வையுங்கள்: யாரும் தன் படியைப் பற்றிப் பேசக்கூடாது. பிக்குகளுக்கே, எட்டாத நிலையை எட்டியதாகத் தெரிந்தே சொல்வது நான்காவது பாராஜிகம், சங்கத்தை விட்டே விலக்கும் குற்றம். வாசிப்பு வட்டத்துக்கும் அந்த அளவு கட்டுப்பாடு நல்லதுதான்.

ஐந்தாம் ஞாயிறு: பிறவாதது

உதானம் 8.1, 8.3. மண்ணும் நீரும் தீயும் காற்றும் இல்லாத அது உண்டு. பிறவாதது, ஆகாதது, செய்யப்படாதது, கூட்டப்படாதது உண்டு, அது இல்லாவிட்டால் பிறந்ததிலிருந்து விடுதலை இருக்காது. இதை முதல் வாரம் வைத்தால் எல்லோரும் கடவுள் கிடைத்துவிட்டார் என்று எழுந்து போய்விடுவார்கள். நான்கு வாரம் விளக்கைப் பார்த்த பிறகு வாசித்தால், அந்த 'இல்லை' வரிசையைப் பொறுமையாகக் கேட்பார்கள். இங்கே அறிஞர்களுக்குள்ளேயே கருத்துவேறுபாடு உண்டு. தேரவாதப் பௌத்தத்தின் தத்துவப் பகுதியான அபிதம்மம் நிப்பானத்தைக் காரணங்களால் கூட்டப்படாத ஒரே தம்மமாக, உண்மையாகவே உள்ளதாகக் கொள்கிறது. தீ அவிவதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வாசிப்பவர்களும் உண்டு. வட்டத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் எழுதி வையுங்கள். மகாயானத் தத்துவ ஆசிரியர் நாகார்ஜுனர் பிறவிச் சுழலான சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் சிறிதும் வேறுபாடில்லை என்றதையும் ஒரு வரியாகச் சொல்லலாம், ஆனால் அதை விரித்தால் ஆறு ஞாயிறு அறுபதாகும். அம்பேத்கர் வழியாகப் பௌத்தத்துக்கு வந்தவர்கள் வட்டத்தில் இருந்தால், 1957-ல் வெளிவந்த அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' நூல் நிப்பானத்தை வாழும்போதே, இவ்வுலகிலேயே ஆசைத் தீயைக் கட்டுப்படுத்தி வாழ்வதாக விளக்குவதை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். 38.1-உடன் ஒப்பிட்டுப் பேச நல்ல இடம்.

பிறகு மணிமேகலை. மாதவி, பௌத்தத் துறவி அறவணர் சொன்னதாகச் சொல்லும் நான்கு அடிகள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீங்கும் வழி என்னும் நான்கு வாய்மையும் நான்கு அடிக்குள் அடங்கியிருக்கிறது. மூன்றாம் அடியில் 'பற்றின்' வரும்போது இரண்டாம் ஞாயிறு நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் இருந்தால் 'அற்றோர்' என்ற சொல்லில் இழை அறுவதையும் கேட்பார், கேட்கட்டும்.

ஆறாம் ஞாயிறு: கண்ணெதிரே

அங்குத்தர நிகாயம் 3.55. ஜாணுஸ்ஸோணி என்னும் பிராமணர், நிப்பானம் கண்ணெதிரே தெரிவது என்கிறீர்களே, எப்படி என்று கேட்கிறார். விடை: ராகத்தில் அகப்பட்டவன் தனக்கும் கேடு நினைக்கிறான், பிறருக்கும் நினைக்கிறான், மனத்துயரும் படுகிறான். அது விட்டதும் இவை மூன்றும் இல்லை. தோஷம், மோகத்துக்கும் அதே. இந்த அளவில் நிப்பானம் கண்ணெதிரே தெரிவது.

இப்போது நான்கு வார நோட்டையும் எடுத்து மூன்றாவது பத்தியை, எப்போது தணிந்தது என்பதை மட்டும் வாசியுங்கள். எண்ணெய் நின்ற இடத்துக்கும் தணிந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சில பதிவுகளில் தணிந்த நேரமே எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் அடுத்த தீ அதற்குள் பற்றிவிட்டது. மோகத்தின் பதிவு பெரும்பாலும் பூச்சியமாக இருக்கும். மோகம் இல்லாததால் அல்ல, எரிகிறது என்றே தெரியாததுதான் மோகம். இதை யாராவது தாமாகக் கண்டுபிடித்தால் அந்த வட்டம் நன்றாக நடந்திருக்கிறது.

ஒரு தணிதல் நிப்பானமா என்ற கேள்வி கட்டாயம் வரும். இல்லை, ஆனால் தொடர்பில்லாததும் இல்லை. அங்குத்தர நிகாயத்தின் ஒன்பதாம் தொகுதி ஆழ்ந்த தியான நிலைகளையே 'ததங்க நிப்பானம்', அந்த அளவுக்கான நிப்பானம் என்று அழைக்கிறது. வரப்புத் தகராறு அரை மணியில் தணிந்ததை அதோடு வைத்துப் பேச வேண்டாம். விளக்கில் ஓர் அரைக் கரண்டி எண்ணெய் ஊற்றாமல் விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அகலில் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரியும் இருக்கிறது.

அகல்களைக் கழுவ வெந்நீரும் சீயக்காயும் போதும். விதை மஞ்சளைத் தூக்கிப் போடாமல் யாராவது வாய்க்கால் ஓரம் ஊன்றிவிடுங்கள்.